இலவங்கன்று, எண் 4117

ஃப்ரீடவுனின் கிழக்குச் சரிவில்
மாதம் ஒருமுறை ஏறுகிறாள் யேபு.
தோளில் தண்ணீர்க் குடுவை,
கையில் விரிசல் விழுந்த கைபேசி.
இருநூற்றுப் பன்னிரண்டு கன்றுகள் அவள் பொறுப்பு.
உயிரோடிருக்கும் கன்றுக்கு மட்டும் காசு.
செத்ததற்கு ஒரு கேள்வி:
காரணம் தேர்க.

ஆடு. வறட்சி. தீ. திருட்டு. மற்றவை.

போன வருடம் ஆடுதான் அதிகம்.
பொக்காரியின் ஆடுகள்
முந்திரியை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும்;
மகோகனித் தளிர் என்றால்
கயிற்றை அறுத்துக்கொண்டு வரும்.
ஒருமுறை
தின்று தீர்ந்த கன்றுக்குப் பதிலாக
பக்கத்துக் கன்றையே
வேறு பக்கம் நின்று படம் பிடித்து அனுப்பினாள்.
கைபேசி நம்பியது.
அந்தக் காசில் மகனுக்குப் பள்ளிக் காலணி.
அதற்காக இன்றுவரை அவள் வருந்தியதில்லை.

ஆவணி மழையில்
எதிர்ச் சரிவு இறங்கியது.
மரம் வெட்டிய மலை எப்படி இறங்கும் என்று
நகரசபை ஆட்கள் முன்பே
திரை கட்டிப் படம் காட்டியிருந்தார்கள்.
பின்வரிசையில் இருந்த ஃபின்டா
படத்தில் தன் தெருவைப் பார்த்துக் கைதட்டியிருந்தாள்.

மழை விட்டதும் அவள் இந்தப் பக்கம் வந்தாள்:
எட்டுத் தகரம், இரண்டு பிள்ளைகள்,
கரி படிந்த ஒரு சட்டி.
சமதரை என்று இருந்தது ஓர் இடம்.
அதன் நடுவில்
முழங்கால் உயரத்தில்
எண் 4117.

"அரசாங்க மரம்" என்றாள் யேபு.
"அரசாங்கத்துக்கு வேறு வீடு இருக்கிறது" என்றாள் ஃபின்டா.

வெயில் ஏறியது.
பேச்சு ஓய்ந்தது.
பிறகு இருவருமாக
செம்மண்ணை அகலமாகத் தோண்டினார்கள்,
வேர்ப்பந்தை அரிசிச் சாக்கில் சுற்றினார்கள்,
பிள்ளையைத் தூக்குவதுபோல்
ஒன்பது எட்டு தள்ளி இறக்கி வைத்தார்கள்.
சின்னவன் மிதித்து மண்ணை இறுக்கினான்,
தேவைக்கு மேலேயே மிதித்தான்.

அடுத்த மாதம் கைபேசி சொன்னது:
இந்த இடத்தில் இந்த மரம் இல்லை.

விண்ணில் எங்கோ சுற்றும் கண்ணுக்கு
மரம் நடக்காது.
யேபு மறுபடி அழுத்தினாள். இல்லை.
எட்டித் தகரச் சுவரோடு ஒட்டி நின்று,
பழைய குழி இருந்த இடத்திலிருந்து
கையை நீட்டி எடுத்தாள்.
வந்தது சட்டியும் ஒரு குழந்தையின் காதும்.

காரணம் தேர்க.
ஆடு இல்லை. தீ இல்லை.
திருட்டின் மேல் விரல் சற்று நின்றது.
மற்றவை.
விவரம் எழுதக் கட்டம் இருந்தது,
எழுத்துக்கு அளவும் இருந்தது.
"குடி பெயர்ந்தது" என்று எழுதினாள்.
பதில் வரவில்லை.

இலவு காத்த கிளிக்காவது
காய் வெடிக்கும்வரை நம்பிக்கை இருந்தது.
இவளுக்கு
இந்த ஒன்றிலிருந்து ஒரு லியோனும் வராது,
தெரிந்தேதான் ஏறுகிறாள்.
குடுவையின் கடைசித் தண்ணீர் அதற்கு.
பழக்கம், என்கிறாள் கேட்டால்.

வடக்கிலிருந்து புழுதிக் காற்று வீசும் மாதத்தில்
தண்டில் முள் விட்டிருந்தது.
தோள் உயரம்.
பட்டியலில் இன்னும் செத்த மரம்.

"இது பெருத்தால்
வேர் என் சுவரைத் தூக்கிவிடும்" என்றாள் ஃபின்டா.
"தூக்கட்டும்.
அதற்குள் நீ கல்வீடு கட்டியிருப்பாய்."
"கட்டாவிட்டால்?"
யேபு மலையை நிமிர்ந்து பார்த்தாள்,
மேலே இன்னும் நூற்றுக்கு மேல் பாக்கி.
கிளம்பியவள் திரும்பி வந்து
தண்டில் கட்டியிருந்த துணிக்கொடியை அவிழ்த்து
தகரத்தின் ஆணியில் மாட்டினாள்.

"இப்போதே இதில் காயப்போடாதே.
இன்னும் இரண்டு மழை போகட்டும்."