பராமரிப்பு நாள்

கொண்டலாம்பட்டியில் மாதம் ஒருநாள்
ஒன்பது முதல் ஐந்து வரை கரண்ட் இருக்காது.
தெருவுக்கே காது அடைத்ததுபோல் இருக்கும்.
அன்றைக்குத்தான் பதிவு.

பீரோவைத் திறந்து, சேலைகளுக்கு முன்னால்
ஸ்டூலில் போனைச் சாய்த்து,
ஆறாவது தந்தியை இன்னொரு முறை முறுக்கி
மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று நிமிடம்.
பக்கத்து வீட்டுக் குக்கரால் மறுபடியும் மூன்று நிமிடம்.

சாயங்காலம் மூவருக்கும் அனுப்பினேன்.
நாமக்கல்லில் முட்டை லாரி ஓட்டும் சென்னகேசவன்
கட்டைவிரல் மட்டும் காட்டினான்.
தாரமங்கலத்துக்காரர் இன்னும் கேட்கவில்லை.
ஏற்காட்டிலிருந்து பேஸ் வாசித்துச் சேர்க்கும் அடைக்கலமேரி
பதினொரு மணிக்கு எழுதினாள்:
"சுத்தமா இருக்கு. ஆனா ஓடறே.
பின்னாலேயே வந்து எனக்கு மூச்சு வாங்குது.
போன மாசம் அனுப்பினியே,
பின்னாடி ஏதோ தடதடன்னு,
அதுல நின்னு வாசிச்சிருந்தே."

ஜன்னலைத் திறந்தேன்.
அர்த்தனாரி பட்டறையில் எட்டுத் தறி,
ராத்திரி ஷிஃப்ட்.
காலால் தட்டிப் பார்த்தேன்.
சரியாக இருந்தது, சனியன்.

பீரோவைச் சாத்திவிட்டு
போனை ஜன்னல் கட்டையில் வைத்தேன்.
ஒன்று இரண்டு எண்ணவில்லை.
நாடா அந்தக் கோடிக்குப் போய்த்
திரும்புகிற இடத்தில்
நுழைந்துகொண்டேன்.