ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில்

திபிலிசியில், கில்தானிப் பகுதியில், எங்கள் கட்டடத்து லிஃப்ட்
காசு போட்டால்தான் ஏறும்.
ஏறப் பத்து தெத்ரி. இறங்க இலவசம்.
இறங்குவதற்கு எந்த நாட்டில்தான் காசு கேட்டார்கள்.

கயிறு நைந்துவிட்டது என்றார் மெக்கானிக்.
நாலாயிரம் லரி.
தபால் பெட்டிகளின் முன்னால் கூடினோம், மேல்கோட்டோடு.
சூரியகாந்தி விதைத் தோல் காலடியில் நொறுங்கிக்கொண்டே இருந்தது.
குறிப்பெடுப்பது நான். என் கையெழுத்து புரியும்;
அதோடு நான்காம் தளத்துக்காரியை
மேலேயும் சேர்க்க முடியாது, கீழேயும் சேர்க்க முடியாது.

தெங்கிஸ், முதல் தளம். காருக்கு அடியிலிருந்து நேராக வந்தவர்.
"இருபத்தாறு வருஷம், ஒருநாள் அதில் கால் வைத்ததில்லை.
ஏறாதவனிடம் ஏற்றக் கூலியா?
அந்தக் காலத்தில்தான் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள்."
அந்தக் காலம் என்றால் இங்கே
எல்லோருக்கும் கழுத்து தானாக அசையும்.

நாசிப்ரோலா, ஒன்பதாம் தளம். பொத்தானை அழுத்தி அழுத்தி,
வராமல் போகவே நடந்து இறங்கியவள்.
மூச்சு இன்னும் வந்து சேரவில்லை.
"முப்பத்தாறு வீடு, முப்பத்தாறு பங்கு, ஒரே தொகை.
கூரை என் தலைக்கு மேலேதான். அதற்குக் கொடுத்தாயே, தெங்கிஸ்?"
"கொடுத்தேன். அன்றைக்குக் குடித்திருந்தேன்."

தோதோ, கணக்கு டீச்சர்:
தளம் ஏற ஏறத் தொகையும் ஏறட்டும்.
நியாயம்தானே என்று எழுதப் போனேன்.
மேலே வீடு மலிவு. மலிவு பார்த்து வாங்கியவர்கள் மேலே.
எங்கள் கட்டடத்தில் இல்லாதவர்கள்தான் உயரத்தில் இருக்கிறார்கள்.
எழுதாமல் பேனாவை எடுத்தேன்.

முர்மான், ரயில்வே சிக்னலில் இருந்து ஓய்வுபெற்றவர்:
"கட்டியவனுக்குச் சாவி, கட்டாதவனுக்குப் படி.
ஒருவர் பேசும்போது ஒருவர்."
இதை அவர் மூன்று பேர் பேசும்போது சொன்னார்.

படி.
ஏறுவதும் படி. அளப்பதும் படி.
சொன்னபடி கேள் என்பதிலும் ஒன்று ஒளிந்திருக்கிறது.
மூன்றையும் ஒரே ஆளிடம் கொடுக்கக் கூடாது
என்று ஓரத்தில் குறித்தேன். அடித்தும்விட்டேன்,
யாரும் அப்படிச் சொல்லவில்லை.

ஒரே தொகைக்குப் பதினாறு கை.
வேண்டாம் என்பதற்குப் பதினாறு.
மீதி நான். என் கையில் பேனா இருந்தது.

தலைகளை எண்ணுவது ஒரு வேலை,
தலைக்குள் எண்ணுவது இன்னொன்று.
இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தவர்கள்
கூட்டம் எதற்கும் போயிருக்க மாட்டார்கள்.

அப்போதுதான் தட்டல்.
சுவருக்குள்ளிருந்து, ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில்.
மக்வாலா. எட்டாம் தளத்தில் வாடகை, ரொட்டிச் சூளையில் வேலை.
ஏழு மணியிலிருந்து மாட்டிக்கொண்டிருக்கிறாள்.
எல்லாம் கேட்டதாம்.
எங்கள் ஒவ்வொரு சொல்லும்
காசு போடாமல் மேலே போயிருக்கிறது.

"முன்னாடியே தட்டக் கூடாதா?"
"வாடகைக்காரர்களுக்கு ஓட்டில்லை என்று நோட்டீஸில் இருந்ததே.
முடியட்டும் என்று இருந்தேன்."

தெங்கிஸ் கடப்பாரையோடு ஏறினார்,
வழி முழுக்கத் திட்டிக்கொண்டு.
முர்மான் விளக்குப் பிடித்தார்;
வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்று
ஐந்து பேர் அவருக்கு ஆணையிட்டார்கள்.
கதவு ஒரு சாண் திறந்தது.
முதலில் ரொட்டி வந்தது. பிறகு பை. பிறகு ஒரு கை,
மேலே தூக்கியபடி.
பிடித்து இழுக்கத்தான் நீட்டினாள்.
நான் எண்ணிவிட்டேன்.

எந்தப் பக்கம் என்று முர்மான் இன்னும் கேட்கிறார்.
ஆறு வருஷம், நாளுக்கு ஒரு ஏற்றம், பத்து தெத்ரி.
அந்தப் பெட்டிக்குள் எங்களில் யாரும்
அவ்வளவு போட்டதில்லை.

ரொட்டியைப் படிக்கட்டிலேயே பிய்த்துத் தின்றோம்.
தெங்கிஸ் பெரிய துண்டை எடுத்தார்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வந்திருந்தோர் முப்பத்து நான்கு என்று எழுதினேன்.
முர்மான் முப்பத்து மூன்று என்று திருத்தினார்.
நான் திரும்பத் திருத்தினேன். அவரும்.
இப்போது அந்த இடத்தில் தாளில் ஒரு ஓட்டை.

அடுத்த கூட்டம் வியாழன்.
லிஃப்ட் நிற்கிறது, அதே இடத்தில்.