தேமா, தேமா

மழையில் பேனா எழுதாது என்பதால்
இரண்டு பென்சிலும் ஒரு ரப்பரும் தந்திருந்தார்கள்.
அவான்ஷ் குதிரைப் பண்ணையின் மணல் வட்டத்தருகே
ஒரு பழைய வோல்வோதான் நடுவர் மேடை.
முன்னால் ஏஷ்லிமன். அவர் பக்கத்தில்
இன்று நடுவர் தேர்வுக்கு வந்திருக்கும் ஒடீல் ஷப்பூய்.
பின்னிருக்கையில் நான், மடியில் படிவங்கள்,
காலடியில் யார் வீட்டு நாயையோ துடைத்த துவாய்.

நடுவராக என்னென்ன வேண்டும் என்பது
ஒடீலின் கோப்பில் முதல் பக்கம்.
நான் தட்டச்சிட்ட பக்கம்தான்:
முப்பது வயது நிறைந்திருக்க வேண்டும்.
தானே ஏறி, தானே விழுந்த ஆண்டுகளுக்குச் சான்று வேண்டும்.
பன்னிரண்டு நாள் ஒரு நடுவரின் அருகே
வாய் திறக்காமல் உட்கார்ந்து மதிப்பெண் போட்டிருக்க வேண்டும்,
அது அவருடையதை விட்டு அரைப் புள்ளிக்கு மேல் விலகாமல்.
தான் வளர்த்தது, தான் விற்றது, மைத்துனனுடையது
வட்டத்துக்குள் வந்தால் எழுந்து போய்விட வேண்டும்.
குதிரை பிடிக்குமா என்று
எங்கும் கேட்கவில்லை.

எனக்குக் குதிரை தெரியாது.
பள்ளியில் யாப்புக்குத் தொண்ணூற்றொரு மார்க், அவ்வளவுதான்.
அதை வைத்துக்கொண்டு மூன்று வருடமாய்க் கேட்கிறேன்:
துள்ளோட்டத்துக்கு இரண்டு தட்டு, தேமா, தேமா.
பாய்ச்சலுக்கு மூன்று, தேமாங்காய்.
சும்மா நடந்தால் நான்கு, தேமாந்தண்பூ,
ஈர மணலில் ஒவ்வொன்றும் தனியே விழ வேண்டும்.
மா என்றால் மரம். மா என்றால் குதிரையும்தான்.
இதை இந்தக் காருக்குள் யாரிடம் சொல்ல?

பதினேழாம் எண். மிராபெல். மூன்று வயது.
கழுத்தில் இன்னும் குட்டி மயிர் சுருண்டிருந்தது.
பாதி வட்டம் வந்தாள்.
வேலியோரம் ஒரு சிவப்புக் குடை படாரென்று விரிந்தது.
அப்புறம் நான்கு கால்களும் நான்கு ஊருக்குப் போயின.

ஏஷ்லிமன் தன் தாளைக் கையால் மறைத்தபடி
“துள்ளோட்டம்?” என்றார்.
“ஏழு,” என்றாள் ஒடீல். எழுதினேன்.

கண்ணாடித் துடைப்பான் இரண்டு முறை போய் வந்தது.

“அழித்துவிடுங்கள்.
அது பயந்துபோன பிள்ளைக்குக் கொடுத்த ஏழு.
நான் குடையைத்தான் பார்த்தேன்,
குதிரையைப் பார்க்கவில்லை.
இன்னொரு சுற்று வேண்டும்.”

ஒலிபெருக்கி கரகரத்தது. பதினெட்டாம் எண்காரன்
கடிவாளத்தைப் பிடித்தபடி வானத்தைத் திட்டினான்.
மிராபெலின் சொந்தக்காரர், பயேர்ன்காரர், பெயர் க்ரோசா,
அதிர்ஷ்டம் திரும்பிவிட்டது என்று
எங்கள் காரைப் பார்த்துக் கட்டைவிரல் உயர்த்தினார்.

இரண்டாம் சுற்றில் குடை இல்லை. பயமும் இல்லை.
காதுகள் முன்னே, வால் தளர்ந்து,
சமர்த்தாக ஓடினாள்.
அப்போதுதான் கேட்டது.
தேமா. தே, மா. தேமா. தே, மா.
இடப் பின்னங்கால் ஒரு விரற்கடை
குறைவாகவே வந்துகொண்டிருந்தது,
முதல் சுற்றிலும் அப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

“ஆறு புள்ளி இரண்டு,” என்றாள் ஒடீல்,
தன் வீட்டு மின்கட்டணத்தை வாசிப்பவள் போல.
ஏஷ்லிமன் தலையாட்டவில்லை, இருமவுமில்லை.
தன் தாளை நான்காய் மடித்துச்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.
அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.
அவள் தேறினாளா என்றும் தெரியாது,
அந்த உறை என் கைக்கு வருவதில்லை.

நாலு மணிக்கு அலுவலகச் சன்னலில் க்ரோசா.
தாளை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து,
“இங்கே முதலில் ஏழு இருந்திருக்கிறதே?” என்றார்.
மலிவு ரப்பர். ஆறுக்கு அடியில்
ஏழு இன்னும் நின்றுகொண்டிருந்தது.

“இருந்தது,” என்றேன்.

“எடுத்தது யார்?”

அவருக்குப் பின்னால், வாசலில்,
அவர் மனைவி சிவப்புக் குடையை
உதறிக்கொண்டிருந்தாள்.