ஒன்று விட்டு ஒன்று

வரவு ஒன்பது கோடியே பதினோரு லட்சம்.
செலவு பத்துக் கோடியே நாற்பது.
கணக்கர் வாசித்து முடிக்கவும்
பஜ்ஜித் தட்டு உள்ளே வரவும் சரியாக இருந்தது.

உசிலம்பட்டி நகர்மன்றத்தில்
நிகழ்ச்சிக் குறிப்பு எழுதுவது என் வேலை.
யார் மேசையைத் தட்டினாலும்
"விவாதத்திற்குப் பின்" என்று எழுதுவேன்.
யாராவது எழுந்து போனால்
வெளிநடப்பா, டீக்கடையா என்று
ஜன்னலில் பார்த்துவிட்டு எழுதுவேன்.

சொத்து வரியைக் கூட்டலாம் என்றார் ஆணையர்.
"அடுத்த எலெக்சன்ல நீங்களா நிக்கப்போறீக?"
காசிமாயன் உட்கார்ந்தபடியே கேட்டார்.
சந்தைக் கடை வாடகை பாக்கி
பதினெட்டு மாதமாய் நாற்பத்தொரு லட்சம் என்று
கணக்கர் மெல்லத் தொடங்கினார்.
ஏழு உறுப்பினர்கள் ஒரே நேரத்தில்
செல்போனை எடுத்துக் காதில் வைத்தார்கள்.
ஒன்றும் மணியடித்திருக்கவில்லை.

துப்புரவில் முப்பது பேரைக் குறைக்கலாம் என்றது
பின்வரிசைக் குரல்.
பதினோராம் வார்டு செசிலி எழுந்தார்.
"குறைங்க. உங்க தெருச் சாக்கடை அடைச்சா
எந்தக் கைய விடுவீக,
சோத்துக் கையா, பீச்சாங்கையா?"
குறிப்பில் ஏறியது:
உறுப்பினர் ஆட்சேபித்தார்.

அப்புறம்தான் ஒச்சுக்காளை
தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:
"நகராட்சி பேர்ல மொய் விருந்து வைப்போம்.
பத்திரிகை அடி, பந்தலைப் போடு, நாப்பது கெடாயை வெட்டு.
நம்ம ஊர்ல எவன் கடன் அப்படித் தீரல?"
தலைவியே சிரித்துவிட்டார்.
உதுமான் கனி மட்டும் சிரிக்கவில்லை.
"வாங்குன மொய்யத் திருப்பிச் செய்யணுமேய்யா.
செஞ்சவன் வீட்ல ஒரு நல்லது கெட்டதுன்னா
நகராட்சி போய் நிக்குமா?"

பேனாவை நிறுத்தினேன்.
வரி என்றால் என்னவென்று
அதைவிடச் சரியாக யாரும் சொல்லி
இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை.
அதற்குக் குறிப்பில் இடமும் இல்லை.

ஐந்து பத்துக்குத் தீர்மானம் நிறைவேறியது.
தெருவிளக்குகளை
ஒன்று விட்டு ஒன்று அணைப்பது.
ஆண்டுக்கு இருபத்து நான்கு லட்சம் மிச்சம்.
மீதி ஒரு கோடியே ஐந்து லட்சத்துக்குக்
கடன் கேட்டு அரசுக்கு எழுதுவது.
எல்லோரும் எண்ணெய்க் கையைத்
தீர்மான நகலில் துடைத்துவிட்டுப் போனார்கள்.

கோப்பு என் மேசைக்கு வந்தது.
எந்த ஒன்று?
ஒற்றைப்படைக் கம்பமா, இரட்டைப்படையா?
தீர்மானத்தில் அது இல்லை.
ஆணையர் காரில் ஏறிக்கொண்டிருந்தார்.
"அதெல்லாம் நீங்களே போடுங்கம்மா."

ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு கம்பங்கள்.
பட்டியலை விரித்தேன்.
ஒற்றையை அணைத்தால்
ரயில்வே கேட் திருப்பம் இருளும்,
ஆஸ்பத்திரிப் பின்வாசல் இருளும்,
அறுநூற்று ஒன்பதும் இருளும்:
மில் வேன் பிள்ளைகளை இறக்கிவிடும் இடம்.
இரட்டையை அணைத்தால்
விடியற்காலை மூன்று மணிக்குப்
பூ மூட்டை இறங்கும் சந்து,
மாணவியர் விடுதியின் நீளச் சுவர்,
அப்புறம்
அறுநூற்றுப் பன்னிரண்டு.
அது என் வீட்டு வாசல்.

விடுதியை நினைத்துத்தான் செய்தேன் என்று
யாராவது கேட்டால் சொல்லலாம்.
யாரும் கேட்கவில்லை.
"நிர்வாக நலன் கருதி ஒற்றைப்படை" என்று அடித்து
முத்திரை வைத்தேன்.

ஒன்றாம் தேதி
பத்தே முக்காலுக்கு வேன் நின்றது.
கதவு இழுபடும் சத்தம்.
இருட்டுக்குள் நாலைந்து செல்போன் டார்ச்சுகள் எரிந்தன,
தரையைப் பார்த்தபடி நகர்ந்து வந்தன.
பிள்ளைகள் என் வாசல் வெளிச்சத்துக்கு வந்ததும்
சார்ஜை மிச்சம் பிடிக்க
ஒவ்வொன்றாய் அணைத்தார்கள்.
"இன்னும் எழுந்திரிக்கலையா, தூங்கலையாக்கா?" என்றது ஒரு பிள்ளை,
தூக்கக் கலக்கத்தில் இரண்டையும் சேர்த்து.
நான் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.