குளிர்ந்த பக்கம்

சொஹார். ஆகஸ்ட். காலை ஒன்பதே கால்.
கார்க் கதவைத் துப்பட்டா நுனியால் பிடித்துத் திறக்கிறேன்.
ஆய்வகத்துக்குள் இருபத்தோரு டிகிரி.
வெற்றிடக் கலத்தின் கண்ணாடித் துளையில்
ராத்திரி முழுக்கத் தூங்காத ஓர் ஊதா வெளிச்சம்.

பிஸ்மத் டெலுரைடு ஒரு நானோமீட்டர்,
அதன்மேல் ஆன்டிமனி டெலுரைடு ஐந்து,
மறுபடி ஒன்று, மறுபடி ஐந்து,
இருநூறு முறை.
கேன்டீன் பரோட்டா மாஸ்டர் பார்த்தால்
இவ்வளவுதானா என்பார்.
ஒரு தலைமுடியின் தடிமனுக்குள்
இப்படி ஐம்பது படலம் அடுக்கலாம் என்று
அவரிடம் சொன்னதில்லை.

சூட்டுக்கு இரண்டு கால்.
ஒன்று எலக்ட்ரான், அது நமக்கு வேண்டும்.
மற்றது அணுக்களின் நடுக்கம்.
இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடி
இரண்டையும் ஒரே கொதியாக்கிவிட்டுப் போகும்.
அதை மறிக்கத்தான் இத்தனை எல்லைகள்.
ஒவ்வொன்றும் ஒரு இமிக்ரேஷன் கவுண்டர்:
எலக்ட்ரான் ஈ-கேட்டில் விரல் வைத்து நழுவுகிறது,
நடுக்கம் வரிசையில் நிற்கிறது,
தாளைத் தேடுகிறது,
திருப்பி அனுப்பப்படுகிறது.
அந்த வரிசை எனக்குத் தெரியும்.
மஸ்கட்டில், முதல் தடவை, நாலு மணி நேரம்.

போன மாதம் எங்கள் எண் ஒன்று புள்ளி நாலைத் தொட்டது.
டாக்டர் ஹவ்ரா அல்-பலூஷி அல்வா டப்பாவைத் திறந்தார்.
இன்று அதை உருக்காலைப் புகைக்குழாயில் பொருத்தினோம்.
ஒரு பக்கம் நூற்றெண்பது டிகிரி.
குளிர்ந்த பக்கம் என்று வரைபடத்தில் பெயரிட்ட பக்கம்,
வெயிலில், தொண்ணூற்றாறு.
மீட்டர் ஏதோ முனகியது.
சின்ன விளக்கு கண் திறக்கவில்லை.

சூட்டுக்கா இங்கே பஞ்சம்?
மின்சாரம் பிறப்பது சூட்டில் இல்லை,
இரு பக்கங்களின் வித்தியாசத்தில்.
பாடத்தின் முதல் பக்கம்.
பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

பன்னிரண்டரைக்கு மதிய இடைவேளைச் சங்கு.
சாரத்திலிருந்து இறங்கிய தொபியாஸ்,
கொளச்சல்காரர், குழாய் ஃபிட்டர்,
குடிதண்ணீர் ட்ரம்மைச் சுற்றியிருந்த ஈரச்சாக்கை அவிழ்த்து
எங்கள் அலுமினிய இதழ்கள்மேல் போர்த்தினார்.
"இதுக்கு மூச்சு முட்டுது மேடம்."
வேறெதுவும் சொல்லவில்லை. நிழலுக்குப் போய்விட்டார்.

தொண்ணூற்றாறு எழுபதானது.
எழுபது ஐம்பத்திரண்டானது.
விளக்கு எரிந்தது.
அந்த வெயிலில்
உள்ளங்கையைக் குவித்து மறைத்துத்தான்
அது எரிவதைப் பார்க்க முடிந்தது.

பதினோரு நிமிடம்.
பிறகு சாக்கு காய்ந்து அப்பளமானது.

பதிவேட்டில், குளிர்விக்கும் முறை என்றொரு கட்டம்:
காற்று, நீர், பிற.
பிற என்பதற்கு நேரே எழுதினேன்:
சாக்கு, ஈரம், தொபியாஸ்.

கையெழுத்துப் போட வந்த ஹவ்ரா
பேனாவைத் தூக்கியபடியே கேட்டார்,
மூன்றாவதற்கு
அலகு என்ன?