சாக்பீஸ் வட்டம்

பட்டணம்காத்தான் மைதானத்தில்
ஒன்பது மணிக்குள் பதினொரு மஞ்சள் போர்டு.
எட்டாவது என் வண்டி.

தீயணைக்கும் சிவப்பு சிலிண்டர்
எங்கள் நாலு பேருக்கும் ஒன்று.
லியோன் வண்டி முடிந்ததும் துண்டில் சுற்றி
நைனார் வண்டிக்கு,
அங்கிருந்து எனக்கு.
போன வருசம் இருந்தவர் பார்த்தும் பார்க்கமாட்டார்.
அதற்கு ஒரு விலை இருந்தது.
இந்தம்மா புதுசு, தர்மபுரிப் பக்கமாம்.
சிலிண்டர் கழுத்தின் நெளிவைத் தொட்டு
"காலையிலிருந்து இதை மூணாவது தடவை பாக்குறேன்" என்றார்.
நைனார் இருமினான்.

பிறகு குனிந்து
திருப்புளியால் தட்டினார்.
தட்டத் தட்ட உதிர்ந்தது
தனுஷ்கோடி.

"எஃப்சி கிடையாது. சரிபண்ணிட்டு வாங்க."

கத்தினேன்.
உப்புக்காத்துக்கு எந்த ஆபீசில் பெர்மிட் கேட்பது,
ஒரு மாசம் மண்டபத்தில் குடியிருந்து பாருங்கள்,
உங்கள் மூக்குக்கண்ணாடிக் கம்பியும் துருப்பிடிக்கும் என்று.
புரோக்கர் கருமலை என் தோளைப் பிடித்து இழுத்தான்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
பின்சீட்டு மிதியடியைத் தூக்கி
ஓட்டையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு
சாக்பீஸோடு அடுத்த வண்டிக்குப் போனார்.

வட்டத்துக்குள் மூன்று விரல் நுழைந்தது.
கீழே மைதானத்து மண் தெரிந்தது,
ஓர் எறும்பும்.

வைகாசியில்தான்
தங்கச்சிமடத்துக் கல்யாண வீட்டுப் பிள்ளை ஒன்று
அந்த மிதியடிமேல் நின்றுகொண்டே வந்தது,
பாம்பன் பாலம் முடியுமட்டும்
கப்பல் கப்பல் என்று குதித்துக்கொண்டு.

"வெல்டிங் பட்டறை வரைக்கும் மெதுவாப் போ"
என்றான் லியோன்.
அந்தம்மாவைத் திட்டிக்கொண்டேதான் போனேன்.
மிதியடியை மட்டும்
திரும்பப் போடவில்லை.