சுக்லாகுரோ

கொந்தமானாவில் படகு ஏறும்போது
உன் பை பதினாறு கிலோ, என்னுடையது பதினொன்று.
வாழைத்தார் நிறுக்கும் தராசில்
மூட்டை தூக்கும் பையன் தொங்கவிட்டுப் பார்த்தான்.
இத்தனையும் எதற்கு என்று சிரித்தான்.
கூடாரம், கொசுவலை, கயிறு, மாத்திரை,
ஒருபோதும் காயாத மூன்று ஜோடிக் காலுறை.
விரல்விட்டு எண்ணிக் காட்டினாய்.
எண்ணாமல் விட்டது ஒன்று உண்டு.
அதை நானும் எண்ணவில்லை.

உன் பெயர் பரிதி.
பெயர் வைத்தவர்கள் இந்தக் காட்டைப் பார்த்ததில்லை.
நண்பகலில் கைவிளக்கு அடித்து
வரைபடம் பார்க்கிறாய்.
வரைபடத்தில் ஊர் கரையில் இருக்கிறது.
ஆறோ மூன்று மழைக்காலத்துக்கு முன்பே
ஊரை விட்டுவிட்டுத் தள்ளிப் போய்விட்டது.
படித்துறைக் கட்டைகள் புல்லுக்குள் நிற்கின்றன.
கவிழ்த்த படகுகளுக்கடியில் கோழி அடைகிறது.
ஆறு போய்விட்டால் என்ன செய்வீர்கள்?
"நடப்போம்" என்றாள் தெல்மீரா.
"திரும்பி வந்தால் துடுப்புப் போடுவோம்."
அதை எழுதிவைக்கக் குறிப்பேட்டைத் திறந்தாய்.
தாள்கள் பூஞ்சணம் பிடித்து
ஒன்றையொன்று விட மறுத்தன.

சண்டையும் போட்டோம், மறைக்க வேண்டாம்.
தண்ணீர் வடிகட்டியின் மூடியைத் தொலைத்தது யார் என்று
ஒரு முழுப் பிற்பகல்.
காட்டுப்பன்றிக் கூட்டம் கடந்தபோது
மரத்தோடு ஒட்டி நின்று
குரலை மட்டும் இறக்கிக்கொண்டோம்.
கடைசிக் குட்டி போனதும்
விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம்.

பிறகு என் தோளில் ஒரு கட்டி.
கொசுக்கடி என்றாய். சொறியாதே என்றாய்.
நாலாவது வாரம் நெல்லிக்காய் அளவு,
நடுவே ஊசித் துளை.
அன்றிரவு பையின் பட்டை அழுந்திய இடத்தில்
ஏதோ புரண்டது.
உன்னை எழுப்பவில்லை.
வலைக்கு வெளியே தவளைகள்
தகரம் தட்டிக்கொண்டிருந்தன.
துளைமேல் விரலை வைத்தபடி படுத்திருந்தேன்.
இது அசைகிறது
என்று நினைத்தேன்.
இது அசைகிறது.

தெல்மீரா பார்த்ததுமே பெயர் சொன்னாள்:
சுக்லாகுரோ. ஒரு ஈயின் புழு.
கொசுவைப் பிடித்து
அதன் வயிற்றில் முட்டையை ஒட்டி அனுப்புமாம்,
தான் வராதாம்.
அவள் கணவன் எர்மோஹெனெஸுக்கு நாலு தடவை வந்திருக்கிறது,
நாய்க்குக் கணக்கே இல்லை.
எனக்கு ஒரு கிண்ணம் மரவள்ளிக் கள் தந்தாள்,
உனக்கு இரண்டு.
புகையிலைச் சுருட்டைப் பற்றவைத்து
துளைமேல் ஊதினாள்.
அதற்கு மூச்சு முட்டட்டும்.
பிறகு நகர்ந்து உனக்கு இடம் விட்டாள்.
"உன் மனைவி. உன் புழு."

ரத்தம் பார்த்தால் மயங்குகிறவன் நீ.
போன ஆவணியில் அந்த ஸ்கேன் அறையில்
மருத்துவர் இரண்டாம் முறை தேடியபோது
நாற்காலி கேட்டது நானில்லை.
இப்போது இரண்டு கட்டைவிரலையும்
என் தோளில் ஊன்றினாய்.
வலித்தது என்று நாகரிகமாகச் சொல்லலாம்.
கோழிகள் படகுக்கடியிலிருந்து தெறித்து ஓடின.

வந்தது.
வெளுத்த அரைவிரல்,
இடுப்பைச் சுற்றிக் கறுப்பு முள்.
வாழையிலைமேல் சுருண்டு, நிமிர்ந்தது.
தெல்மீராவின் மகள் குச்சியோடு ஓடி வந்தாள்.
வேண்டாம் என்றேன்,
எந்த மொழியில் என்று நினைவில்லை.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
நீ பார்க்கவில்லை.
இலையின் ஓரங்களை மடித்தாய்.
கையாலேயே ஈரமண்ணைப் பறித்தாய்.
"மண்ணுக்குள் போட்டால்தான் அது ஈயாகும்"
என்று தெல்மீரா தலையில் அடித்துக்கொண்டாள்.
"நாய் பாவம்."
நீ மண்ணை மூடினாய்,
அழுத்தாமல்.

மறுநாள் என் பையையும் மார்பில் மாட்டிக்கொண்டு
முன்னும் பின்னும் சுமையாக
ஆற்றைத் தேடி நடந்தாய்.
பாதி வழியில் நின்றாய்.
அந்த மூடி
என் சட்டைப்பையில்தான் இருக்கிறது என்றாய்.
எப்போதிலிருந்து?
பன்றிகளுக்கு முன்பிருந்து என்றாய்.